கடைமடையிலிருந்து மொஹாவே: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற கணினி விளையாட்டைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். "உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை, ஆனால் அதற்குள் நம் ஊர் வாய்க்கால் சண்டை இருக்கிறது" என்று அதில் சொன்னது பலரைக் கேள்வி கேட்க வைத்திருக்கிறது. சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் திருத்துறைப்பூண்டியில் கணினி மையம் நடத்துகிறேன். என் அப்பா லஸ்கராக வேலை பார்த்தவர். வெண்ணாற்றின் கிளை ஒன்றில் இருக்கும் நீரொழுங்கியில் ஷட்டரை ஏற்றி இறக்கியே அவருடைய வாழ்நாள் போயிற்று. இந்த விளையாட்டை நான் பார்க்கிற பார்வையில் பாதி அவரிடமிருந்து வந்தது.

கேள்வி: 2010இல் வந்த விளையாட்டை இன்று ஏன் பரிந்துரைக்கிறீர்கள், அக்கா? இதைவிட அழகானவை எத்தனையோ வந்துவிட்டனவே?
– பிளஸ் டூ மாணவர், பேராவூரணி

பதில்: அழகில் இது தோற்றுவிடும், தம்பி. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மனிதர்களின் முகம் மரப்பாச்சி போல இருக்கும். காட்சி முழுவதும் செம்மண் தூசி படிந்த நிறம். நான் இதைக் கையில் எடுத்துக் கொடுப்பது கதை போய்ச் சேருகிற இடத்துக்காக.

கதையில் 2077ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அணுப்போர் மூண்டு, இரண்டே மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோகிறது. விளையாட்டு தொடங்குவது 2281இல், அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில். நீங்கள் ஒரு கூரியர். பிளாட்டினத்தால் ஆன ஒரு சில்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்பட்ட உங்களை வழிமறித்து, தலையில் சுட்டு, குழியில் தள்ளி மூடிவிடுகிறார்கள். குட்ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் வைத்தியர் பிழைக்க வைக்கிறார். சுட்டவனைத் தேடிக் கிளம்புகிறீர்கள். பழிவாங்கும் கதை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் வழியில் சந்திக்கிற ஒவ்வொருவரின் பேச்சும் கடைசியில் ஓர் அணைக்கட்டில் போய் முட்டுகிறது.

அதுதான் ஹூவர் அணை. கொலராடோ ஆற்றின் குறுக்கே இன்றும் நிற்கிற உண்மையான அணை, 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. நம் மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934இல். அந்த ஆண்டுகளைப் பார்த்தபோது இரண்டும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் போல எனக்குத் தோன்றியது. கதையில் அந்த அணையைத் தற்போது வைத்திருப்பது நியூ கலிஃபோர்னியா குடியரசு. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அதைப் பிடிக்க வருகிறது, அடிமைகளை வைத்து ஆளும் சீஸரின் லீஜன் படை. நகரத்துக்குள் உட்கார்ந்தபடி இரு தரப்பையும் ஆட்டிவைக்கப் பார்க்கிறார் மிஸ்டர் ஹவுஸ் என்பவர். இவர்களில் யாருக்கும் கொடுக்காமல் நீங்களே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இந்தத் தொடர் பிறந்ததே தண்ணீரில்தான். 1997இல் வந்த முதல் ஃபால்அவுட்டில், நிலத்தடிப் புகலிடம் ஒன்றில் குடிநீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிடும். மாற்றுச் சில்லைத் தேடிக் கொண்டுவர 150 நாள் அவகாசம். அதை விளையாடிய காலத்தில் எங்கள் வீட்டு அடிபம்பில் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. அந்த 150 நாள் கெடு எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

நியூ வேகஸில் நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் சூதாட்ட விடுதிகளில் இல்லை. நகரத்தின் ஓரத்தில் குடியரசு நடத்துகிற பண்ணைகள் இருக்கின்றன. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிர் செய்கிறவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வரவேண்டிய தண்ணீர் குறைகிறது. காரணம் கண்டுபிடிக்கப் போன சிப்பாய் ஒருவனையும் காணவில்லை. நீங்கள் துப்புத் துலக்கிக்கொண்டே போனால், இடையில் ஓர் ஆள் குழாயைத் திருப்பி, பக்கத்திலிருக்கிற ஏழைக் குடியிருப்பின் கூட்டுப் பண்ணைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. அவன் தனக்காகத் திருடவில்லை. குடியரசு கண்டுகொள்ளாமல் விட்டவர்களின் பயிர் கருகக் கூடாது என்று செய்கிறான். ஆனால் அதை மறைக்க ஒரு கொலையும் செய்திருக்கிறான். அவனைக் காட்டிக்கொடுக்கலாம், காப்பாற்றலாம், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி பேசிப் பார்க்கலாம், பழியை ஒரு ரௌடிக் கும்பலின் தலையில் கட்டலாம்.

இதை விளையாடியபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற கோடைகளில், இரவில் மண்வெட்டியோடு வந்து கரையை உடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறவர்கள் யார் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். சிலரை அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். சிலரை விடியும்வரை கரையிலேயே உட்கார வைத்துப் பேசிவிட்டு, தானே மண் போட்டு உடைப்பை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். யாரை எழுத வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்தார் என்று நான் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியை எனக்குள் போட்டது இந்த விளையாட்டுதான்.

அதே பண்ணைகளின் நிலத்தடி நீரில் கதிரியக்கம் கலப்பதாக இன்னொரு சிக்கலும் வரும். வால்ட் 34 என்ற நிலத்தடிப் புகலிடத்தில் அணு உலை பழுதாகிக் கசிகிறது. உலையை அடைத்தால் பண்ணைகள் பிழைக்கும், உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறவர்கள் சாவார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் கசிவு தொடரும், பண்ணைகள் போய்விடும். மூன்றாவது வழி கிடையாது. நான் பண்ணையைத் தேர்ந்தெடுத்தேன். பொத்தானை அழுத்திவிட்டு, மையத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி ஓர் இரவை எனக்குக் கொடுத்த வேறு விளையாட்டு இல்லை, தம்பி. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இதைக் கேட்கிறான். வெறும் துப்பாக்கிச் சண்டைதானே? வாங்கித் தரலாமா, சகோதரி?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் என்று முத்திரை குத்தி வந்த விளையாட்டு இது. முத்திரை சரியானதே. சாலையோரத்தில் மனிதர்களைச் சிலுவையில் அறைந்து வைத்திருக்கும் ஊர் ஒன்று வரும். அடிமை விற்பனையும் போதை மருந்தும் வரும். நோவாக் என்ற ஊரில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு காவலனுக்காக நீங்கள் தேடும்போது, அவளை விற்ற சீட்டு கையில் கிடைக்கும். அவளுக்கு ஒரு விலை, அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு விலை, இரண்டும் பத்திரம் எழுதுகிற நிதானத்தோடு எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளை நான் மறக்கவில்லை. பதினைந்து வயதில் படிக்க வேண்டிய தாள் அது இல்லை.

ஆனால் "வெறும் துப்பாக்கிச் சண்டை" என்பதை நான் மறுக்கிறேன். பேச்சு, பேரம், மருத்துவம், பழுதுபார்த்தல், அறிவியல் என்று துப்பாக்கியோடு சம்பந்தமில்லாத திறன்கள் இதில் இருக்கின்றன. அவற்றை வளர்த்துக்கொண்டால் பல சண்டைகள் நடக்காமலே போய்விடும். அணையைப் பிடிக்க வருகிற தளபதி லேனியஸ், முழுக் கவசத்தில் மலைபோல் நிற்பவன். பேச்சுத் திறனை நூறுக்குக் கொண்டுபோயிருந்தால் அவனைச் சுடாமலே திருப்பி அனுப்பலாம். "இந்த அணையை நீ பிடிப்பாய். பிறகு இவ்வளவு தூரத்துக்குச் சோறும் ஆளும் எப்படி அனுப்புவாய்? மேற்கைக் காக்கப் போய்க் கிழக்கு செத்துப்போகும்" என்கிற வகையில் அந்த வாதம் போகிறது. அவன் நின்று கேட்கிறான், யோசிக்கிறான், படையைத் திருப்புகிறான். மகனுக்கு வயது வந்ததும் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: என் கணினியில் அரை மணிக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. இவ்வளவு பிழை உள்ள விளையாட்டை எப்படி உயர்ந்தது என்கிறீர்கள்?
– பொறியியல் மாணவர், நாகப்பட்டினம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முதலில் மருந்தைச் சொல்கிறேன். இது 32 பிட் நிரல். கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 2 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளத் தெரியாது. அதை 4 ஜி.பி. வரை பயன்படுத்த வைக்கிற பேட்ச் (சிறு திருத்த நிரல்) ஒன்றை ரசிகர்களே செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைப் போட்டாலே பெரும்பாலான கணினிகளில் நிலைமை சீராகிவிடும். விரைவாகச் சேமிக்கும் பொத்தானை மட்டும் நம்பாமல் தனித்தனிக் கோப்புகளாகச் சேமியுங்கள். மையத்துக்கு வருகிற ஒரு கல்லூரிப் பையன் நாற்பது மணி நேரம் விளையாடிய கோப்பு கெட்டுப்போய், மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டான். அவனுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை உருவாக்கியது அப்சிடியன் நிறுவனம், வெளியிட்டது பெதஸ்டா. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் செய்து முடித்தார்கள். இவ்வளவு பெரிய நிலத்துக்கும் இத்தனை கிளைக்கதைகளுக்கும் அது போதாத காலம். வெளியான நாட்களில், கதையின் முதல் காட்சியிலேயே வைத்தியரின் தலை கழுத்தின்மேல் பம்பரமாகச் சுற்றியது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் சராசரி 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தமாம். கிடைத்தது 84. அந்த ஒரு மதிப்பெண் குறைந்ததற்குப் பிழைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். பணம் கொடுத்து வாங்கியவர் பிழையைப் பொறுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதிகம் வலிக்கிற குறைகள் வேறு. லீஜனின் பக்கம் அரைகுறையாக நிற்கிறது. ஆற்றுக்குக் கிழக்கே அவர்களின் ஆட்சியில் வணிகர்கள் பயமின்றிப் போகிறார்கள் என்று பலர் சொல்வார்கள். படைமுகாம்களைத் தவிர அந்த நிலத்தை நாம் ஒருமுறைகூடக் காண்பதில்லை. காணாத ஒன்றை எப்படி எடைபோடுவது? ஏறிப்போகலாம் போலத் தெரிகிற மலைச்சரிவில் கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுக்கும். அணைப் போர் முடிந்ததும் ஊர் ஊராகப் படம் காட்டி, என்ன ஆயிற்று என்று குரல் சொல்லிவிட்டு விளையாட்டு முடிந்துவிடும். நாம் எடுத்த முடிவுக்குள் திரும்பிப் போய் நடந்து பார்க்க முடியாது.

கேள்வி: கஜாவைப் பார்த்தவர்கள் நாங்கள். எல்லாம் அழிந்த பிறகு மனிதர்கள் இந்த விளையாட்டில் வருவது போலத்தான் நடந்துகொள்வார்களா?
– ஒரு வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: இந்தக் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன், ஐயா. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் எங்கள் தெருவில் ஒரு முருங்கைமரம்கூட நிற்கவில்லை. தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. மையத்தின் கூரைத் தகடு அடுத்த தெருவில் கிடந்தது. மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த நாட்களில் நான் கண்டதை விளையாட்டோடு ஒப்பிட்டே பார்க்கிறேன். முதல் நாள் மாலையிலேயே பக்கத்துத் தெருவில் பொது அடுப்பு மூட்டிவிட்டார்கள். யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று கணக்கு இல்லை. நான்காம் நாளிலிருந்து சண்டையும் வந்தது. வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பது என்று கைகலப்பு வரைக்கும் போயிற்று. நேற்று ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் இன்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் மீண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

நியூ வேகஸுக்கு இந்தச் சண்டை நன்றாகத் தெரியும். பந்தியும் கொஞ்சம் தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். குட்ஸ்பிரிங்ஸில் ஒரு கொள்ளைக் கும்பல் வரும்போது, கடைக்காரர், விடுதிக்காரி, வைத்தியர் என்று ஒவ்வொருவராகப் பேசி ஊரைத் திரட்டலாம். நகரத்தின் ஏழைப் பகுதியில் பழைய கோட்டைக்குள் கூடாரம் அடித்து, இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு குழுவும் உண்டு. ஹார்ட்கோர் என்கிற முறையைத் தேர்ந்தெடுத்து விளையாடினால் தாகம், பசி, தூக்கம் மூன்றும் நம்மைத் துரத்தும், தோட்டாவுக்குக்கூட எடை இருக்கும். அப்படி விளையாடும்போது குட்ஸ்பிரிங்ஸ் ஊருணியில் கிடைக்கிற நல்ல தண்ணீரின் அருமை தெரியும். நீங்கள் அந்த முறையிலேயே விளையாடுங்கள்.

அதற்குத் தெரியாதது விவசாயம். இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். போர் முடிந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பண்ணையில் மக்காச்சோளம் எப்போது போனாலும் ஒரே உயரத்தில் நிற்கிறது. விதைக்கிறவரைக் காணோம், அறுக்கிறவரைக் காணோம். வாய்க்காலில் யாரும் தூர் வாரவில்லை. கடைகளின் தரையில் எலும்புக்கூடு கிடக்கிறது, பக்கத்தில் ஆட்கள் வியாபாரம் செய்கிறார்கள். போருக்கு முன்பு அடைத்த டப்பா உணவை இன்னும் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். கஜா அடித்த ஒரு மாதத்துக்குள் எங்கள் பக்கத்தில் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கிவிட்டு, இடுக்கில் தென்னங்கன்று வைத்த கிழவிகளை எனக்குத் தெரியும். காய்க்கும்போது தாங்கள் இருக்க மாட்டோம் என்று தெரிந்தே வைத்தார்கள். இருநூறு ஆண்டில் ஒருவர்கூடத் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை, ஐயா.

கேள்வி: ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் பாகமா, நான்காம் பாகமா, நியூ வேகஸா? தமிழில் உண்டா?
– ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்: தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் நிறையப் படிக்கவும் கேட்கவும் வேண்டியிருக்கும். நியூ வேகஸில் வசனம் மட்டும் சுமார் 65,000 வரி. மூன்றாம் பாகத்திலும் (2008) தண்ணீரே மையம், வாஷிங்டனில் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் திட்டத்தைச் சுற்றிக் கதை போகும். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவிக்கான அதன் பதிப்பை, பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி இந்தியாவில் வெளியிடவில்லை. நான்காம் பாகத்தில் (2015) ஊரைக் கட்டலாம், பயிர் வைக்கலாம், தண்ணீர் இறைக்கும் பம்பு போடலாம். ஆனால் பேச்சில் ஒவ்வொரு முறையும் நான்கே பதில்தான். கை வேலையில் ஆசை இருந்தால் நான்காம் பாகம். பேச்சில் ஆசை இருந்தால் நியூ வேகஸ்.

கேள்வி: கடைசியில் அணையை யாருக்குக் கொடுத்தீர்கள்?
– ஓய்வுபெற்ற பாசன ஊழியர், திருவையாறு

பதில்: முதல் முறை குடியரசுக்குக் கொடுத்தேன், ஐயா. சட்டம், நீதிமன்றம், தேர்தல் என்று ஏதோ ஒன்று அவர்களிடம் இருந்தது. இரண்டாம் முறை, அந்தப் பண்ணைக்காரர்கள் படுகிற பாட்டைப் பார்த்த பிறகு, யாருக்கும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு முறையும் மனம் ஒப்பவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

உண்மையான கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கான உடன்படிக்கை 1922இல் கையெழுத்தானது. அந்தப் பங்கீடு பேசப்பட்ட பிறகே ஹூவர் அணை எழுந்தது. நமக்கும் மைசூருக்கும் காவிரி ஒப்பந்தம் 1924இல். அதன் பிறகு 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது வரைக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு வழக்கும் கண்ணீரும் ஓர் ஆற்றைப் பங்கிடுவதற்குத்தான். நியூ வேகஸில் குடியரசுக்கும் மிஸ்டர் ஹவுஸுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் கதை நம்மை அதைக் கிழிக்கிற இடத்துக்கே கொண்டுபோகிறது. நான்கு முடிவுகளிலும் அணைக்கு ஒரே ஒரு சொந்தக்காரர். லேனியஸையே பேசித் திருப்ப முடிகிற விளையாட்டில், மேசையில் ஆட்களை உட்கார வைத்து "இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் அவனுக்கு" என்று முறை பேச ஒரு வசனம் இல்லை. இத்தனை நல்ல எழுத்தாளர்கள் அதை யோசிக்காமல் விட்டார்களே என்று இன்றைக்கும் ஆறவில்லை.

அப்பாவுக்கு ஒருமுறை அந்த அணையைத் திரையில் காட்டினேன். மேலே சாலையில் நடந்தேன், உள்ளே இறங்கி ஜெனரேட்டர்கள் இருக்கும் கூடத்தையும், அதைச் சரிசெய்ய நிற்கிற பொறியாளரையும் காட்டினேன். காவலுக்கு நின்ற சிப்பாய்களை எண்ணிக்கொண்டே வந்தவர், "தண்ணி திறந்துவிடுற ஆள் எங்கேம்மா?" என்றார். நான் மீண்டும் மேலே ஏறி, ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் வரை ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடிப் பார்த்தேன்.